முகத்துவாரத்தில் வெளிச்சவீடு நிற்கிறது, பிறகும் படகு ஏன் தரைதட்டுகிறது?

கல்முனைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "மட்டக்களப்பு முகத்துவாரத்துப் பாலமீன்மடுவில் நூறு வருஷத்துக்கு மேலாக வெளிச்சவீடு நிற்கிறது. ஒலுவில் துறைமுகத்திலும் ஒன்று இருக்கிறது. பிறகும் கடலிலிருந்து ஆற்றுவாய்க்குள் நுழையும்போது படகுகள் தரைதட்டுகின்றன, கவிழ்கின்றன. பெரிய துறைமுகங்களில் சிவப்பும் பச்சையுமாக மிதவைகள் விடுகிறார்களே, அது என்ன கணக்கு? அதை இங்கேயும் போட்டால் சரிவராதா?"

நல்ல கேள்வி. வணிகக் கப்பல்களில் வழிசெலுத்தும் அதிகாரியாக வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலமீன்மடு வெளிச்சவீடு 1913இல் கட்டப்பட்டது. உயரம் 28 மீற்றர். ஒரு விளக்கு எவ்வளவு தூரத்துக்குத் தெரியும் என்று பார்க்க மாலுமிகளிடம் ஒரு கணக்கு உண்டு. கடல்மட்டத்திலிருந்து விளக்கின் உயரத்தை மீற்றரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தைக் காணுங்கள். பார்ப்பவரின் கண் இருக்கும் உயரத்துக்கும் அப்படியே செய்யுங்கள். இரண்டையும் கூட்டி 2.08ஆல் பெருக்கினால் கடல்மைல் வந்துவிடும். விளக்கு 28 மீற்றரில் இருக்கிறது, கப்பலில் நிற்பவரின் கண் 16 மீற்றரில் இருக்கிறது என்று வைத்தால் சுமார் 19 கடல்மைல். சின்னப் படகில் நிற்பவரின் கண் 2 மீற்றரில்தான் இருக்கும். அவருக்கு 14 கடல்மைல் கூட முழுதாக வராது. பூமியின் வளைவு மறைக்கும் எல்லை மட்டும்தான் இது. விளக்கின் பலமும் மழையும் மூட்டமும் வேறு கணக்கு.

அவ்வளவு தூரத்திலிருந்து அந்த விளக்கு தெரிவிப்பது ஒரே ஒரு செய்தி: "நான் இந்த இடத்தில் நிற்கிறேன்." எந்த விளக்கு என்று கண்டுபிடிப்பது மின்னும் தாளத்தை வைத்து. எத்தனை மின்னல், எத்தனை விநாடிக்கு ஒருமுறை என்று ஒவ்வொரு விளக்கின் தாளமும் கடல் வரைபடத்தில் அதன் பக்கத்தில் அச்சிட்டிருக்கும். இரவில் கரையில் ஒரு வெளிச்சம் கண்ணில் பட்டதும் நாங்கள் செய்யும் முதல் வேலை, கையில் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணுவது. ஒரு சுற்று எண்ணி நம்பிவிடக் கூடாது. மூன்று சுற்றாவது எண்ண வேண்டும், ஏனென்றால் இடையில் அலை ஒன்று எழுந்து ஒரு மின்னலை மறைத்துவிட்டால் கணக்கு பிழைத்து, வேறு விளக்கென்று நினைத்துவிடுவோம்.

ஆகவே வெளிச்சவீடு தூரத்துக் கப்பலுக்கானது. வாயைக் கடக்கிற படகுக்கு அது தலைக்கு மேலே சுற்றுகிற வெளிச்சம்தான். இன்றைக்கு மணல் எங்கே கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது. உங்கள் கேள்விக்கான பதிலின் வேர் இங்கேதான் இருக்கிறது: நம் கரையில் ஆபத்து நகர்கிறது, நாம் வைத்த அடையாளங்கள் நகர்வதில்லை.

பாறைக்கும் மணலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். பொத்துவிலைத் தாண்டித் தெற்கே போனால், யால காட்டுக்கும் கிரிந்தைக்கும் வெளியே கடலுக்குள் இரண்டு பாறைத் தொடர்கள் வருகின்றன. ஆங்கிலேயர் அவற்றை கிரேட் பாசஸ், லிட்டில் பாசஸ் என்றார்கள். சனம் இராவணன் கோட்டை என்று சொல்லும் பாறைகளும் இவைதான். 1873இல் பெரிய பாறையிலும் 1878இல் சின்னப் பாறையிலும் வெளிச்சவீடு கட்டி முடித்தார்கள். பெரியதற்கான கருங்கல்லை ஸ்கொட்லாந்தில் செதுக்கிக் கப்பலில் கொண்டுவந்து, அலை அடிக்கிற பாறையின் மேல் அடுக்கினார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த இரண்டு விளக்குகளும் சரியான இடத்திலேயே இருக்கின்றன, பாறை அசையாததால்.

மட்டக்களப்பு வாவியின் வாய் அப்படியா? நம் பக்கம் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. பெரிய வற்றுப்பெருக்கு உள்ள நாடுகளில் தண்ணீரே நாளுக்கு நான்கு முறை ஓடி வாயைத் துப்புரவாக வைத்துக்கொள்ளும். இங்கே அந்தப் பலம் தண்ணீருக்கு இல்லை. வாவிக்கு மேலிருந்து வெள்ளம் வராத மாதங்களில், அலை தள்ளிக்கொண்டு வரும் மணல் வாயை மூடிவிடுகிறது. பிறகு ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து, வாவி நிறைந்து, அதன் மேற்கே உள்ள படுவான்கரை வயல்கள் தண்ணீருக்குள் போகத் தொடங்கும்போது ஆற்றுவாயை வெட்டிவிடுவார்கள். வெட்டிய இடத்தால் தண்ணீர் பாய்ந்து தனக்கு ஒரு பாதையைத் தோண்டிக்கொள்ளும். தோண்டிய மணல் எல்லாம் வாய்க்கு வெளியே பிறை வடிவத் திட்டாகப் படியும். போன வருஷத்துப் பாதையும் இந்த வருஷத்துப் பாதையும் ஒன்றாக இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

படகு கவிழ்வது பெரும்பாலும் அந்தத் திட்டின் மேல்தான். ஓர் அலையின் உயரம், அது வந்து சேரும் இடத்துத் தண்ணீர் ஆழத்தில் நாலில் மூன்று பங்கைத் தாண்டினால் அலை உடைந்துவிடும். ஒன்றரை மீற்றர் அலை இரண்டு மீற்றர் ஆழத்தில் உடையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு வாவித் தண்ணீரும் எதிரே வேகமாக வெளியேறினால், உள்ளே வருகிற அலை குறுகிச் செங்குத்தாக எழும். வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலத்தில் இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்கின்றன. வெளியே பார்த்தால் சமாளிக்கக்கூடிய கடல்; வாயில் மட்டும் சுவர் மாதிரி எழுந்து விழும். பின்னாலிருந்து வரும் அலை படகின் பின்பக்கமான கடையாலைத் தூக்கி, முன்பக்கமான அணியத்தைத் தண்ணீருக்குள் குத்தி, படகைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் பிறகு சுக்கானைப் பிடித்திருப்பவர் கையில் ஒன்றும் இல்லை. படகை நடத்திப் பழகிய தண்டையல்மார் வாய்க்கு வெளியே இஞ்சினை அடக்கி நின்று, பெரிய அலைகள் ஒரு கூட்டமாகப் போகும்வரை பார்த்து, இடையில் கிடைக்கும் அமைதியில் நுழைவது இதனால்தான்.

சரி, இப்போது சிவப்பு பச்சைக்கு வருவோம்.

இலங்கை, இந்தியா, ஐரோப்பா, ஆபிரிக்கா எல்லாம் ஒரே முறையில் இருக்கின்றன. கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும்போது இடது கைப் பக்கம் சிவப்பு, வலது கைப் பக்கம் பச்சை. சிவப்பு தட்டையான உருளை வடிவம், பச்சை கூம்பு வடிவம். பகலில் நிறம் மங்கித் தெரியாவிட்டாலும் வடிவம் காட்டிக்கொடுக்கும். இரவில் அதே நிறத்தில் விளக்கு மின்னும். வெளியே போகும்போது பக்கம் மாறிவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களில் நிறங்கள் நேரெதிர். அங்கே வேலைசெய்து திரும்பிய மாலுமி கொழும்புக்குள் நுழையும்போது ஒருமுறை நிதானித்துத்தான் யோசிப்பார்.

சிவப்பும் பச்சையும் ஒரு கால்வாயின் இரண்டு கரைகளைச் சொல்லும். திறந்த கடலில் தனியாக ஒரு முருகைக்கல் திட்டு இருந்தால் அதற்கு இடமும் வலமும் இல்லையே? அங்கே திசை மிதவைகள் வருகின்றன. இவற்றின் நிறம் கறுப்பும் மஞ்சளும், உச்சியில் இரண்டு கறுப்புக் கூம்புகள். பாசிக்குடா, கல்குடாப் பக்கத்து முருகைக்கல் திட்டு ஒன்றின் கிழக்கே அப்படி ஒன்று வைத்திருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். அது கிழக்கு மிதவை. "எனக்குக் கிழக்கால் போ, ஆழம் அங்கே" என்று அர்த்தம். வடக்கு மிதவைக்கு இரண்டு கூம்பும் மேலே பார்க்கும், தெற்கு மிதவைக்கு இரண்டும் கீழே பார்க்கும். கிழக்குக்கு ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக விலகிப் பார்க்கும், மேற்குக்கு இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்க்கும். கூம்பின் முனை எந்தப் பக்கமோ உடலில் கறுப்பு நிறம் அந்தப் பக்கம் இருக்கும். வடக்கென்றால் மேலே கறுப்பு, தெற்கென்றால் கீழே கறுப்பு, கிழக்கென்றால் மேலும் கீழும் கறுப்பு நடுவில் மஞ்சள், மேற்கென்றால் நடுவில் கறுப்பு. இரவில் வெள்ளை விளக்கு, மணிக்கூட்டின் முகத்தை நினைத்துக்கொண்டால் போதும்: கிழக்குக்கு 3 மின்னல், தெற்குக்கு 6 மின்னலும் பிறகு ஒரு நீண்ட மின்னலும், மேற்குக்கு 9. வடக்கு நிற்காமல் மின்னிக்கொண்டே இருக்கும். எந்த மொழிக்காரனும் அகராதி இல்லாமல் படிக்கலாம். இதை யோசித்து உருவாக்கியவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இந்த ஒற்றுமை சும்மா வந்ததில்லை. 1970களின் நடுப்பகுதி வரைக்கும் உலகத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மிதவை முறைகள் இருந்தன. ஓரிடத்தில் பாதுகாப்பு என்று பொருள்படும் நிறம் இன்னோரிடத்தில் ஆபத்து என்று பொருள்பட்டது. 1971 ஜனவரியில் டோவர் நீரிணையில் டெக்சாகோ கரிபியன் என்ற எண்ணெய்க் கப்பல் மோதி உடைந்து மூழ்கியது. மறுநாளே பிராண்டன்பேர்க் என்ற கப்பல் அந்தச் சிதைவில் மோதி மூழ்கியது. அடையாளம் வைத்த பிறகும் அடுத்த மாதம் நிக்கி என்ற மூன்றாவது கப்பல் மோதி, அதிலிருந்த எல்லோரும் இறந்தார்கள். அதன் பிறகுதான் நாடுகள் மும்முரமாக உட்கார்ந்து பேசி, 1980இல் இன்றைய பொது முறைக்கு உடன்பட்டன. புதிதாக மூழ்கிய கப்பலுக்கென்று நீலமும் மஞ்சளும் நெடுங்கோடாக உள்ள அவசர மிதவை 2006இல் வந்தது. அது இரவில் நீலமும் மஞ்சளுமாக மாறி மாறி மின்னும்.

இடையில் ஒன்று. மூழ்கிய கப்பல் என்றதும் நம் ஊரில் எல்லோரும் ஹேர்மிஸைப் பற்றிக் கேட்பார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு வெளியே மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கி அது. சுமார் 50 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. மிகப் பெரிய எண்ணெய்க் கப்பல்கூடத் தண்ணீருக்குள் இறங்குவது ஏறக்குறைய 25 மீற்றர்தான். ஆகவே மேலே ஓடும் கப்பலுக்கு ஹேர்மிஸால் ஆபத்து இல்லை, அதற்கு மிதவையும் தேவையில்லை. ஒரு சிதைவு ஆபத்தா இல்லையா என்பதை அதற்கு மேலே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதுதான் முடிவுசெய்யும். ஒரு மீற்றர் ஆழத்தில் கிடக்கும் மணல் திட்டு நம் படகுகளுக்கு ஹேர்மிஸைவிடப் பெரிய எதிரி.

மிதவையை நம்புகிறவர்கள் அது எப்படி நிற்கிறது என்று ஒருமுறை பார்க்க வேண்டும். கடலடியில் ஒரு கொங்கிறீற் கட்டை, அதிலிருந்து ஒரு சங்கிலி, நுனியில் மிதவை. சங்கிலி ஆழத்தைவிட நன்றாகவே நீளமாக இருக்கும், இல்லாவிட்டால் பெரிய அலை கட்டையையே தூக்கிவிடும். அந்த மிச்ச நீளத்தால் மிதவை காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப ஒரு வட்டத்துக்குள் நகர்ந்துகொண்டே இருக்கும். வரைபடத்தில் உள்ள புள்ளி அந்த வட்டத்தின் நடு. துப்புரவு செய்யக் கப்பலின் மேல் தூக்கிவைத்த மிதவை ஒன்றைக் கிட்ட நின்று பார்த்தால் புரியும்: தண்ணீருக்குள் இருந்த பகுதி முழுக்கச் சிப்பியும் பாசியும் அப்பி, எடையே கூடியிருக்கும். சங்கிலியில் மேலேயும் கீழேயும் உள்ள வளையங்கள் பரவாயில்லை. அடியில் மணலில் உரசி உரசிக் கிடக்கும் வளையங்கள்தான் பாதிக்குப் பாதி தேய்ந்து, சில இடத்தில் விரல் மொத்தம்கூட இருக்காது. அது அறுந்தால் மிதவை ஒரே இரவில் வேறு ஊருக்குப் போய்விடும். அறாமல் கட்டையோடு இழுபட்டால் இன்னும் மோசம், ஏனென்றால் விளக்கு எரிந்துகொண்டே தவறான இடத்தைக் காட்டும். கவனிப்பாரில்லாத மிதவையைவிட மிதவை இல்லாமலிருப்பது பாதுகாப்பானது என்பது என் உறுதியான எண்ணம். இல்லாத இடத்தில் மனிதன் பயந்து பார்த்துப் போவான்.

அடுத்தது ஒலுவில். அங்கே வெளிச்சவீடு 1999இல், மறைந்த எம்.எச்.எம். அஷ்ரப் துறைமுக அமைச்சராக இருந்த காலத்தில் வந்தது. துறைமுக வேலை டென்மார்க் கடனில் 2008இல் தொடங்கி, 2013இல் திறக்கப்பட்டது. கிழக்குக் கரையில் மணல் ஆண்டு முழுக்க நடக்கிறது, மொத்தமாகப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி. அதற்குக் குறுக்கே கல் அணை நீட்டியதும் தெற்குப் பக்கத்தில் மணல் தேங்கியது. வடக்கே போய்ச் சேரவேண்டிய மணல் போகாததால் ஒலுவில், நிந்தவூர்க் கரையைக் கடல் அரித்தது. தென்னையும் வளவும் போனவர்களின் துயரம் சின்னதில்லை. தேங்கிய மணல் அணையின் முனையைச் சுற்றி வந்து நுழைவாயிலையும் அடைத்தது.

அலைதடுப்பு அணைகளின் இரண்டு முனைகளிலும் சிவப்பு, பச்சை விளக்கு வைப்பது உலக வழக்கம். அது வீட்டு வாசலில் எரியும் விளக்கைப் போன்றது: வாசல் எங்கே என்று காட்டும், உள்ளே தரை எப்படி என்று சொல்லாது. ஒலுவில் போன்ற இடத்தில் ஆழம் குறைந்த பிறகு எத்தனை விளக்கு போட்டாலும் ஆழம் வரப்போவதில்லை. அங்கே முதல் மருந்து மணலை அகற்றுவதும், அகற்றிய மணலை வடக்குக் கரைக்கே திருப்பிக் கொடுப்பதும்தான். மிதவை அதற்குப் பிறகு. யாராவது அங்கே மிதவையை மட்டும் போட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்றால் நம்பாதீர்கள்.

முகத்துவாரம், பெரியகல்லாறு போன்ற இயற்கை வாய்களுக்கு என் பதில் வேறு. இங்கே கனமான மிதவைகளைவிட, கரையில் நடும் வரிசைக் குறிகள்தான் பொருந்தும். வேலை இப்படி: கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு கம்பங்கள். முன்கம்பம் தாழ்ந்தது, பின்கம்பம் உயர்ந்தது. முன்னதன் தலையில் முனை மேலே பார்க்கும் முக்கோணப் பலகை, பின்னதில் முனை கீழே பார்க்கும் பலகை. படகிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக நேரே நின்றால் நீங்கள் ஆழமான பாதையின் நடுவில் இருக்கிறீர்கள். முன்கம்பம் வலப்பக்கம் விலகித் தெரிந்தால் நீங்கள் பாதைக்கு இடப்பக்கம் ஒதுங்கிவிட்டீர்கள், வலப்பக்கம் திருப்ப வேண்டும். எப்போதும் முன்கம்பத்தைப் பின்தொடர்ந்து திருப்பினால் சரி. சில மீற்றர் விலகினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்; பின்கம்பம் எவ்வளவு பின்னால் இருக்கிறதோ அவ்வளவு நுட்பம்.

நம்மவர்களுக்கு இது புதிதும் இல்லை. கோயில் கோபுரத்தையும் குடும்பிமலையையும், பள்ளிவாசல் மினாராவையும் தனித்து நிற்கும் பனையையும் சேர்த்துப் பார்த்து நடுக்கடலில் மீன் பாடு உள்ள இடத்தைப் பிடித்தவர்கள் நம் கடற்றொழிலாளர். அதே கணக்குத்தான், இங்கே குறிகளை நாமே நடுகிறோம். இரவுக்கு ஒவ்வொரு கம்பத்திலும் சோலரில் எரியும் ஒரு எல்.ஈ.டி. விளக்கு போதும். முக்கியமானது, பாதை நகர்ந்தால் கம்பத்தைப் பிடுங்கி நட்டுவிடலாம். கிரேனும் கப்பலும் தேவையில்லை.

ஆனால் எங்கே நடுவது என்று யார் சொல்வது? அளந்து பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் டெபன் என்ற ஆற்றின் வாயும் இப்படித்தான் இடம் மாறுகிறது. அங்கே ஆண்டுதோறும் ஆழம் அளந்து, மிதவைகளை நகர்த்தி, அந்த வருஷத்துக்கான புதிய வரைபடத்தை வெளியிடுகிறார்கள். நம் வாய்களில் வருஷத்துக்கு ஒருமுறை போதாது. ஆற்றுவாய் வெட்டிய பிறகு ஒருமுறை, வெள்ளம் வடிந்த பிறகு ஒருமுறை, தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத் தொழில் தொடங்கும் முன் ஒருமுறை அளக்க வேண்டும். அளவு குறித்த கயிற்றில் ஈயக் குண்டு கட்டி இறக்கினாலே வேலை ஆகும். சின்ன ஆழமானிக் கருவி இருந்தால் இன்னும் விரைவு. வாய் அமைதியாக இருக்கும் ஒரு காலையில் இரண்டு படகு போதும்.

"போனில் ஜிபிஎஸ் இருக்கிறதே" என்று இளம் தலைமுறை கேட்கிறது. ஜிபிஎஸ் நீங்கள் நிற்கும் இடத்தைச் சில மீற்றர் துல்லியத்தில் சொல்லும். அடியில் மணல் நிற்கும் இடத்தை எங்கோ எப்போதோ எடுத்த படத்திலிருந்து சொல்லும். போன மாதம் வந்த அதே கோட்டில் இன்றைக்கும் திரும்பி வருகிறவர் போன மாதத்து ஆழத்தை நம்பி வருகிறார். வாழைச்சேனையிலிருந்து போகும் பலநாள் படகுகளுக்கு இது இன்னும் கூடப் பொருந்தும். வாரக்கணக்கில் கடலில் நின்று திரும்பும்போது வாய் மாறியிருக்கலாம், படகும் மீனோடு கனத்து ஆழமாக உட்கார்ந்திருக்கும்.

அப்புறம், எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். வலை மிதவையில் இரவுக்குக் கட்டும் சின்ன மின்னும் லைட் இப்போது எல்லா நிறத்திலும் மலிவாக வருகிறது. வாயை அண்டிய கடலில் சிவப்பும் பச்சையும் கட்டாதீர்கள், வேறு நிறம் பாவியுங்கள். களைத்துத் திரும்புகிறவர் கண்ணுக்கு அது பாதை விளக்காகத் தெரியும், வலைக்குள்ளோ திட்டின் மேலோ கொண்டுபோய் ஏற்றும். அதேபோல் பாதை மிதவையில் படகைக் கட்டுவதும், அதன் சோலர் தகட்டையும் பற்றரியையும் கழற்றுவதும் நம் ஆட்களின் உயிரோடு விளையாடுவது.

ஆக, தம்பி, கம்பம் இரண்டும் விளக்கு இரண்டும் வாங்கும் செலவு ஓர் இஞ்சினின் விலைக்குக் கிட்டவும் வராது. கடினமான பகுதி ஆள். உங்கள் ஊர்ச் சங்கம் பிரதேச செயலகத்துக்கும் கடற்றொழில் திணைக்களத்துக்கும் கடிதம் எழுதும்போது "மிதவை போட்டுத் தாருங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். வாயை எந்தெந்த மாதம் யார் அளப்பது, கம்பத்தை நகர்த்தும் பொறுப்பு யாருடையது, விளக்கு அணைந்தால் எத்தனை நாளுக்குள் யார் மாற்றுவது, பாதை மாறியதை எல்லாப் படகுக்கும் எப்படி அறிவிப்பது என்ற நான்கையும் பெயரோடு எழுதிக் கேளுங்கள். அளக்கும் வேலைக்கு வாயை நன்றாகத் தெரிந்த மூத்த தண்டையல் ஒருவரையும், எழுதிக் கணக்குப் பிடிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவரையும் சேர்த்தே போடுங்கள்.